உடைந்த தெர்மாமீட்டரை துடைப்பத்தால் கூட்டாதீங்க! பியூஸ் போன டியூப் லைட்டை குப்பையில் வீசாதீங்க!

ராத்திரி நேரம். குழந்தைக்கு காய்ச்சல். அம்மா கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்து உதறுகிறார். கட்டில் விளிம்பில் பட்டு 'டக்' என்று உடைகிறது. தரையில் வெள்ளி மணி போல சின்ன சின்ன உருண்டைகள் ஓடுகின்றன. குழந்தைக்கு காய்ச்சலே மறந்து போகிறது. "ஐ... அழகா உருளுதே" என்று விரலால் தொட்டு விளையாட ஆரம்பிக்கிறது. பாட்டி துடைப்பத்தை எடுத்து வருகிறார்.

நிறைய வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. ஆனால் இந்த இடத்தில் தப்பு இரண்டு. குழந்தையை தொட விட்டது ஒன்று. துடைப்பத்தை எடுத்தது இன்னொன்று.

உருண்டு ஓடுவது பாதரசம். நம்ம ஊர் பேச்சில் 'ரசம்'. பழைய கண்ணாடி மங்கினால் 'ரசம் போயிடுச்சு' என்று சொல்கிறோமே, அதே ரசம்தான். உலோகம்தான், ஆனால் சாதாரண வெப்பத்திலும் தண்ணீர் மாதிரி ஓடும். கனமோ ரொம்ப ஜாஸ்தி. ஒரு லிட்டர் பாட்டில் நிறைய பிடித்தால் பதிமூன்றரை கிலோ இருக்கும்!

மூக்கு வழியாகத்தான் ஆபத்து

பாதரசத்தை முழுங்கினால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. தெர்மாமீட்டர் பாதரசம் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே மலத்தோடு வெளியேறி விடும். (அதற்காக சும்மா இருந்து விடக்கூடாது. கூடவே கண்ணாடி துண்டு போயிருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.)

நிஜமான ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. பாதரசத்தை அடுப்பில் வைக்க வேண்டியதே இல்லை. தரையில் கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கண்ணுக்கு தெரியாது. வாசனையும் கிடையாது. மூச்சு வழியாக உள்ளே போனால் நுரையீரல் அதை பெருமளவு இழுத்துக் கொள்ளும். அங்கிருந்து ரத்தம், மூளை, சிறுநீரகம் என்று போய் தங்கும்.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் ஒரு கிராம்தான். ஒருமுறை உடைந்ததற்காக பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் கூட்டித் தள்ளி, தரை விரிசலில் தங்க விட்டு, மூடிய அறையில் மாதக்கணக்கில் சுவாசித்தால் வம்புதான். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத எரிச்சல், ஈறு வீக்கம் இதெல்லாம் பாதரச பாதிப்பின் அறிகுறிகள். தரையோடு தவழும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் ஆபத்து.

உடைஞ்சா என்ன செய்யணும்?

* முதலில் குழந்தைகளையும் நாய், பூனையையும் வெளியே அனுப்புங்கள். ஜன்னலை திறந்து விடுங்கள். பக்கத்து அறைக்கு போகும் கதவை சாத்துங்கள். ஏ.சி. ஓடினால் நிறுத்துங்கள்.

* கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி விடுங்கள். பாதரசம் தங்கத்தில் பட்டால் ஒட்டிக் கொள்ளும். பவுன் வெள்ளையாகி விடும்!

* துடைப்பம் வேண்டவே வேண்டாம். கூட்டினால் ஒரு உருண்டை நூறு உருண்டையாக சிதறும். வாக்குவம் கிளீனரும் கூடாது. அது பாதரசத்தை ஆவியாக்கி வீடு முழுக்க பரப்பி விடும்.

* கையுறை போட்டுக் கொள்ளுங்கள். கல்யாண பத்திரிகை மாதிரி கெட்டியான இரண்டு அட்டைகளை எடுத்து உருண்டைகளை ஒன்றோடு ஒன்று சேருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்ச் அல்லது சொட்டு மருந்து டிராப்பரால் உறிஞ்சி எடுங்கள். பொடிப்பொடியாக இருப்பதை செலோ டேப்பில் ஒட்டி எடுங்கள்.

* லைட்டை அணைத்து விட்டு டார்ச்சை தரையோடு சாய்த்து அடியுங்கள். விட்டுப் போன துளிகள் பளபளக்கும்.

* எல்லாவற்றையும், பயன்படுத்திய அட்டை, டேப், சிரிஞ்ச் உள்பட, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு மூடுங்கள். வாஷ்பேசினிலோ கக்கூசிலோ ஊற்றாதீர்கள். நெருப்பில் போடவே கூடாது.

* பிறகு ஒரு நாள் முழுக்க ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கொடைக்கானல் தந்த பாடம்

"ஒரு கிராமுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்பவர்கள் கொடைக்கானலை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து கொண்டு வரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் இந்த மலையில்தான் இயங்க ஆரம்பித்தது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள காயலான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாக கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் கண்டுபிடித்தனர். எடை 7.4 டன்! எல்லாம் அந்த தொழிற்சாலையில் இருந்து வந்த கழிவு. போராட்டம் வெடித்தது. அதே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

தங்கள் உடல்நிலை கெட்டதற்கு பாதரசமே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் வழக்கு போட்டனர். நிறுவனம் அதை மறுத்து வந்தது. 15 வருட இழுபறிக்குப் பிறகு 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது.

பாதரசக் கழிவு அன்றைக்கு போய்ச் சேர்ந்த இடம் ஒரு காயலான் கடை. இன்றைக்கும் நம் வீட்டு டியூப் லைட் போய்ச் சேரும் இடம் அதுதான். இதை மறந்து விடக் கூடாது.

யார் முகத்தில் உடைகிறது?

டியூப் லைட்டிலும் சி.எப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு. ஒன்றில் சில மில்லிகிராம்தான். முழுசாக இருக்கிற வரை யாருக்கும் தொல்லை இல்லை. உடைந்தால்தான் ஆவி வெளியே வரும்.

நாம் என்ன செய்கிறோம்? பியூஸ் போனதும் தெருமுனை குப்பைத்தொட்டியில் சாய்த்து வைக்கிறோம். தொட்டியை கவிழ்க்கும்போது தூய்மை பணியாளரின் முகத்துக்கு நேராக 'டமார்' என்று வெடிக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் இருக்கும் அலுமினிய மூடிக்காக காயலான் கடையில் உடைக்கிறார்கள். நமக்கு ஒரு டியூப் லைட். அவர்களுக்கு தினம் எத்தனையோ. கையுறை, முகமூடி இல்லாமல் அதே காற்றை வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான்.

வீட்டில் டியூப் லைட் உடைந்தாலும் ஜன்னலை திறந்து விட்டு ஐந்து, பத்து நிமிடம் வெளியே போய் விடுங்கள். பிறகு அட்டையால் வாரி, செலோ டேப், ஈரத்துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் போடுங்கள்.

குப்பையில் இருந்து குழம்புக்கு

குப்பைமேட்டில் கிடக்கும் பாதரசம் மண், காற்று வழியாக தண்ணீருக்குள் போகிறது. அங்குள்ள நுண்கிருமிகள் அதை 'மெத்தில் பாதரசம்' என்ற அதைவிட கொடிய விஷமாக மாற்றுகின்றன. சின்ன மீனில் கொஞ்சம் சேரும். அந்த மீன்களை தின்னும் பெரிய மீனில் நிறைய சேரும். கடைசியில் சாப்பிடுகிற நமக்கு வரும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் இதுதான் நடந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம் மீனில் ஏறியது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. பிறகு மனிதர்களுக்கும் கை, கால் இழுத்துக் கொண்டது. 1956-ல் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. தாய்க்கு வெளியில் தெரியும்படி நோய் இல்லாமலே, வயிற்றில் இருந்த குழந்தை மூளை பாதிப்போடு பிறந்த கொடுமையும் நடந்தது.

அதற்காக நம்ம ஊர் மத்தி, நெத்திலியை ஒதுக்கி விடாதீர்கள். இந்த சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. தைரியமாக சாப்பிடலாம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களைத்தான் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

முகம் வெளுக்க கிரீமா? உஷார்!

'ஏழே நாளில் சிவப்பழகு' என்று விற்கப்படும் கிரீம்கள் சிலவற்றிலும் பாதரசம் கலக்கப்படுகிறது. கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்கு சிறுநீரக பாதிப்பு வந்ததை 2023-ல் டாக்டர்கள் கண்டுபிடித்தனர். தயாரித்த கம்பெனி பெயர், முகவரி, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரம் இல்லாத கிரீமை தொடவே தொடாதீர்கள்.

எங்கே கொடுப்பது?

உடைந்த பாதரச தெர்மாமீட்டர், டியூப் லைட், சி.எப்.எல். பல்பு ஆகியவை 'வீட்டு அபாயக் கழிவு' என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. 2026 ஏப்ரல் 1-ந்தேதி முதல் என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் குப்பையை நான்காக பிரிக்க சொல்லியிருக்கிறார்கள். அதில் நான்காவது வகை பல்பு, பாதரச தெர்மாமீட்டர், பழைய மருந்து போன்றவற்றுக்கு.

ஆகவே மக்கும் குப்பை, மக்காத குப்பையோடு இதை கலக்காதீர்கள். புது டியூப் லைட் வந்த அட்டை உறையிலேயே பழையதை போட்டு வையுங்கள். வீட்டுக்கு வரும் தூய்மை பணியாளரிடம் 'இது டியூப் லைட், உடைச்சிடாதீங்க அண்ணே' என்று சொல்லி தனியாக கையில் கொடுங்கள். வாங்கும் வசதி இல்லை என்றால் உங்கள் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடை, மண்டபம், பட்டறை என்று மொத்தமாக டியூப் லைட் மாற்றுபவர்கள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்னணு கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். அங்கே மூடிய எந்திரத்துக்குள் உடைத்து கண்ணாடி, அலுமினியம், உள்ளே இருக்கும் வெள்ளை பவுடர் என்று பிரிப்பார்கள். பவுடரை சூடாக்கி பாதரசத்தை தனியாக பிடித்து விடுவார்கள்.

வாங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது

மினமாட்டா ஊரின் பெயரிலேயே பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தம் 2013-ல் உருவானது. இந்தியா 2018-ல் அதை ஏற்றுக் கொண்டது. டியூப் லைட் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதியை 2027-க்குள் நிறுத்த வேண்டும் என்று 2023-ல் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் முடிவானது.

நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய டியூப் லைட் போனால் எல்.இ.டி. மாட்டுங்கள். பாதரசம் கிடையாது, கரண்ட் பில்லும் குறையும். காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். வீட்டில் பழைய பாதரச பி.பி. மெஷின் இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை. அதில் 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும். சுமார் நூறு தெர்மாமீட்டருக்கு சமம்! பரணில் போட்டு மறந்து விடாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு போனதும் ஒருமுறை கதவுக்கு பின்னால் எட்டிப் பாருங்கள். பியூஸ் போன டியூப் லைட் ஒன்று சாய்ந்து நிற்கும். அதை முழுசாக கொடுத்தால் அது வெறும் குப்பை. உடைத்து போட்டால், நாளை காலை நம் தெருவை கூட்ட வருகிறவருக்கு விஷம்.