சட்டைப் பொத்தானும் பத்து ரூபாய் நாணயமும்

"சித்தப்பா, கேமராவுல ஏதோ கோளாறு. ஒரு படம்கூட உருப்படியா வரல" என்று அண்ணன் மகன் போன் செய்தான். மகளின் முதல் பிறந்தநாளுக்கென்றே வாங்கிய புதுக் கேமரா. போய்ப் பார்த்தேன். மொட்டைமாடியில் எடுத்தவை பளிச்சென்று இருந்தன. கூடத்தில் எடுத்தவைதான் பிரச்சினை. அதிலும் ஒரு படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ராகு காலம் வரை படிக்க முடிகிறது. நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கும் பெரியவரின் மீசையை எண்ணிவிடலாம். கேக்கை நோக்கிக் கை நீட்டும் குழந்தை மட்டும் புகை.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. கூடம் இருட்டாக இருந்தது, அவ்வளவுதான்.

"இருட்டா? டியூப் லைட் ரெண்டு எரிஞ்சுதே!" என்றான். நம் கண் செய்கிற மாயம் இது. உச்சி வெயிலின் அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இரவில் டியூப் லைட் எரியும் கூடத்தில் நூறு, நூற்றைம்பது லக்ஸ் இருந்தாலே அதிகம். பல நூறு மடங்கு வித்தியாசம். கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து ஈடுகட்டப் பார்க்கும். நாட்காட்டி அசையாது, பெரியவரும் அசையவில்லை. ஒரு வயதுக் குழந்தை அசையாமல் இருக்குமா?

அந்தக் கூடத்து வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ எனப்படும் வெளிச்ச உணர்திறனை 1600இல் வைத்தால், கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் அதன் 55 முனையில் கேட்கும் நேரம் ஏறத்தாழ 1/30 நொடி. குழந்தையின் கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஐந்து விரலும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். லென்ஸில் அசைவுத் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது தடுப்பது படம் எடுப்பவரின் கை நடுக்கத்தை. குழந்தையின் ஓட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நாட்காட்டி தெளிவாகவும் குழந்தை புகையாகவும் வந்தது இதனால்தான்.

வெளிச்சம் நுழைகிற திறப்பு பெரிதானால் இந்தச் சிக்கல் பாதி தீரும். லென்ஸின் மேல் எஃப்/5.6, எஃப்/1.8 என்று எழுதியிருப்பது அந்தத் திறப்பைத்தான் குறிக்கிறது. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைக்கும். 55 மி.மீ.யை 5.6ஆல் வகுத்தால் பத்து மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு 28 மி.மீ., நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மயிரிழை பெரிது. எஃப் எண் மும்மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது, ஆனால் வெளிச்சம் அதன் வர்க்கமாகக் கூடுவதால் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. 1/30 இருந்த இடத்தில் 1/300 நொடி கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் புகை மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

கேமராக்காரர்களின் தலைவலிகளிலேயே பழையது இந்த அசைவுப் புகை. 19ஆம் நூற்றாண்டில் மேலை நாட்டு ஸ்டூடியோக்களில் பெரியவர்களின் பின்மண்டையை இரும்புக் கவ்வியால் பிடித்து நிறுத்துவார்கள். கைக்குழந்தையைக் கவ்வி போட்டு நிறுத்த முடியாதே! தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு சேர்த்துத் துணியால் போர்த்தி, அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். தாய் திரைச்சீலை போலவோ உறை போட்ட நாற்காலி போலவோ தெரிவார். அப்படிப்பட்ட படங்கள் இன்றும் நிறையவே கிடைக்கின்றன. பார்த்தால் கொஞ்சம் பேய்ப்படம் போலத்தான் இருக்கும். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் எஃப்/3.6 திறப்புள்ள உருவப்பட லென்ஸை வடிவமைத்தார். முந்தைய லென்ஸ்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதிக வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. 1896இல் பால் ருடால்ஃப் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பிளானார் லென்ஸை உருவாக்கினார். இன்று கடையில் விற்கும் பெரும்பாலான 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களின் கண்ணாடி அடுக்கு அந்த வம்சத்தில் வந்ததுதான். நூற்றாண்டாகப் பழகிய வடிவம், ஆறேழு கண்ணாடிகளில் முடிகிற வேலை. அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது.

மலிவு என்றதும் எல்லோரும் 50ஐ வாங்குவார்கள். நானும் வாங்கினேன். அங்கேதான் நம் வீடுகளின் அளவு குறுக்கே வருகிறது.

தொடக்க நிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவிலான சென்சார். சுமார் 23.5 மி.மீ. அகலம். பாட்டி மடியில் குழந்தை, பக்கத்தில் பொம்மைகள் என்று ஒன்றரை மீட்டர் அகலமுள்ள காட்சியை இதில் 50 மி.மீ. லென்ஸால் அடக்க வேண்டுமானால் பத்தடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டிலும் பீரோவும் போக அந்தப் பத்தடி எங்கே இருக்கிறது? முதுகு பீரோவில் இடிக்கும். படத்தில் குழந்தையின் முகம் மட்டும் வரும், அது எந்த வீட்டில் வளர்ந்தது என்பது வராது. 35 மி.மீ. என்றால் ஏழடி, ஏழரை அடி போதும். ஆகவே ஏபிஎஸ்-சி கேமராவுக்கு என் தீர்ப்பு 35 அல்லது அதற்கும் சற்றுக் கீழே. பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் இருந்தால் 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ், நிக்கானின் சிறிய இசட் வரிசைக் கேமராக்களுக்கு 24 மி.மீ. எஃப்/1.7, சோனியின் 6000 வரிசைக்கு அவர்களுடைய 35 எஃப்/1.8 அல்லது சிக்மாவின் 30 மி.மீ. எஃப்/1.4. இன்னும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா கையில் இருப்பவர்கள் தாராளமாக 50 வாங்கலாம், அதில் அந்த லென்ஸ் காட்டும் பரப்பு அகலம்.

அப்படியானால் ஃபுல் ஃபிரேமே வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அதன் சென்சார் பரப்பு ஏபிஎஸ்-சியைவிட ஏறத்தாழ இரண்டேகால் மடங்குதான். கிட் லென்ஸைக் கழற்றி எஃப்/1.8 மாட்டினால் கிடைப்பதோ பத்து மடங்கு. காசை எங்கே போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. கடைக்காரர் கூடவே தள்ளிவிடப் பார்க்கும் 70-300 போன்ற நீள ஜூமை வீட்டுக்குள் வைத்து என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேமரா உடலில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் திறந்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். இமை கூர்மையாக இருக்கும், காது குழம்பியிருக்கும். தவழும் குழந்தை அந்த மூன்று சென்டிமீட்டரை அரை நொடியில் தாண்டிவிடும். சோனி 6400 (2019), கேனன் ஆர்50 (2023) போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணை அடையாளம் கண்டு, அது நகர நகரத் தாமே தொடர்கின்றன. ஃபோகஸை 'தொடர்' நிலையில் வைப்பதுதான் உங்கள் வேலை. இரண்டு குழந்தைகள் முன்னும் பின்னுமாக இருந்தால் எஃப்/2.8, எஃப்/4 என்று திறப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலிலும் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடும் குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை.

திறப்பைப் பெரிதாக்கியும் வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் ரவை தூவியது போலப் புள்ளிகள் விழும். விழட்டும். புள்ளியைப் பிறகு கணினியில் துடைத்துவிடலாம், கலங்கிப்போன முகத்தை மீட்க வழியில்லை. இன்னொரு தொல்லை விளக்கிலேயே இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகையால் பழைய சோக் டியூப் லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. 1/250இல் எடுத்தால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது மங்கியும் வரலாம். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் குறுக்கே பட்டைகூட விழும். மெனுவில் ஃபிளிக்கர் தடுப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். குழந்தை ஓரிடத்தில் உட்கார்ந்து விளையாடினால் 1/100 போதும்.

பகலில் இத்தனை பாடும் வேண்டாம். ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் பாயை விரித்துக் குழந்தையை விடுங்கள். நீங்களும் தரையில் படுத்து அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். அறை மூலைக்கும் அந்த இடத்துக்கும் வெளிச்சத்தில் சர்வசாதாரணமாகப் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும்.

ஃபிளாஷ் அடித்தால் குழந்தையின் கண் கெட்டுவிடும் என்று பாட்டிகள் தடுப்பார்கள். சாதாரண ஃபிளாஷால் அப்படி ஆகாது. ஆனால் நேராக முகத்தில் அடித்தால் முகம் மாவு பூசியது போல வெளுத்து, விழி சிவந்து நிற்கும். தலை திரும்பும் தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரை நோக்கி அடித்தால் வெளிச்சம் மேலிருந்து மென்மையாக இறங்கும். இதையொட்டி முக்கியமான ஒன்று. ஃபிளாஷ் படத்தில் ஒரு விழி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அழகுக் குறை என்று ஒதுக்க வேண்டாம். பார்வைக் கோணத்தாலும் அப்படி வரும். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் வரும். தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணன் மகனிடம் அன்று நான் எதையும் வாங்கச் சொல்லவில்லை. கிட் லென்ஸின் வளையத்தை 35 என்ற எண்ணில் நிறுத்தி, மேலே ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். "ஒரு வாரம் இதுலயே எடு. அடுத்த வாரம் 50ல ஒட்டிக்க. எதுல அடிக்கடி பின்னாடி போய் இடிச்சுக்கிறியோ, அதை வாங்காதே." நீங்களும் கடைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள். செல்லோடேப் ஐந்து ரூபாய்தான்.