டெபாசிட் போனாலும் விடவில்லை, மேட்டூர் டயர் கடைக்காரர்!

மேட்டூர்—

தேர்தல் அறிவிப்பு வந்தால் கட்சிக்காரர்கள் சீட்டு கேட்டு ஓடுவார்கள். மேட்டூரில் ஒருவர் சீட்டும் கேட்கவில்லை, ஓட்டும் கேட்கவில்லை. நேராக வேட்பு மனு வாங்கப் புறப்பட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. 2024 பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது அவர் சொன்ன தோல்விக் கணக்கு 238!

அவர்தான் கே.பத்மராஜன். டயர் ரிப்பேர் கடை வைத்தவர். 1988-ல் மேட்டூரில் முதல் மனுவைப் போட்டார். ஊரே சிரித்தது. சாதாரண ஆளும் தேர்தலில் நிற்கலாம் என்று காட்டத்தான் நின்றேன் என்று நிருபர்களிடம் பல தடவை சொல்லிவிட்டார்.

நரசிம்மராவ், வாஜ்பாய், மன்மோகன்சிங் என்று பிரதமர்களாக இருந்தவர்களையும் அவர் விடவில்லை. ஜனாதிபதி தேர்தலுக்கும் மனு போட்டார். அதற்கு 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். எல்லோரும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும். டயர் கடையில் அதற்கு எங்கே போவது? மனு தள்ளுபடி!

அவருக்கு அதிக ஓட்டு விழுந்தது 2011 சட்டசபைத் தேர்தலில். சொந்த ஊர் மேட்டூரில் 6,273 பேர் அவருக்குக் குத்தினார்கள். ஜெயித்தவர் வாங்கியது 75 ஆயிரத்துக்கு மேல். அந்தத் தடவையும் டெபாசிட் காலி.

ஆறில் ஒரு பங்கு

டெபாசிட் என்பது ஜாமீன் தொகை. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பி வரும். 1,80,000 ஓட்டு என்றால் 30 ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். இங்கிலாந்தில் நூற்றுக்கு 5 ஓட்டு வாங்கினாலே போதும். நம்ம ஊரில் கணக்கு கொஞ்சம் கறார்தான்.

முன்பு சட்டசபைக்கு 250 ரூபாய், பாராளுமன்றத்துக்கு 500 ரூபாய்தான். 1951 சட்டத்தில் போட்ட தொகை. விலைவாசி எல்லாம் ஏறியும் 1996 வரை இது அசையவே இல்லை. அதை அசைத்ததில் நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு.

தாளா, புத்தகமா?

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் மொடக்குறிச்சி. 1996 சட்டசபைத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 பேர் நின்றார்கள். எங்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டுவிட்டார்கள்.

அதிகாரிகள் பாடு திண்டாட்டம்! ஓட்டுச் சீட்டு ஒரே தாளில் அடங்கவில்லை. புத்தகமாகவே அச்சடித்தார்கள். தேர்தலும் தள்ளிப் போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 158 பேருக்குத் தலா ஒரே ஓட்டு. 88 பேருக்கு அந்த ஒன்றும் இல்லை. தனக்குத்தானே போட்டுக்கொள்ளவில்லையா என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். சட்டசபைக்கு நிற்பவர் மாநிலத்தில் எந்தத் தொகுதி வாக்காளராக இருந்தாலும் போதும் என்பது கேலி பேசுகிறவர்களுக்குத் தெரியாது!

அதே வருடம் பாராளுமன்றத்துக்கு நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர். நாடு முழுவதும் 13,952 வேட்பாளர்கள். டில்லி பயந்துவிட்டது. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டசபைக்கு 5,000, பாராளுமன்றத்துக்கு 10,000. சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 1998-ல் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆக இறங்கிவிட்டது.

பிறகு இன்னும் ஏற்றி 10,000, 25,000 ஆக்கினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி.

விளையாட்டுக்கு நிற்பவர்களை வடிகட்டத்தான் இது என்பது அரசாங்கத்தின் வாதம். ஓட்டு எண்ணும் குமாஸ்தாவைக் கேட்டால் அவரும் சரி என்பார். ஆனால் வடிகட்டியில் நின்றது யார்? கோடீஸ்வரருக்கு 25 ஆயிரம் ஒரு வேளைப் பிரசாரச் செலவுக்குக் காணாது. தறி ஓட்டுகிறவருக்கு அது மாதக்கணக்கில் உழைத்த கூலி. விளையாட்டுக்காரரும் நின்றார், வழியில்லாதவரும் நின்றார். சட்டம் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

மஞ்சளும் மிஷினும்

மனக்குறை முற்றினால் பணமும் தடையில்லை என்பதை 2019-ல் தெலுங்கானாவின் நிஜாமாபாத் காட்டியது. மஞ்சள் வாரியம் வேண்டும், விலை வேண்டும் என்று விவசாயிகள் தலைக்கு 25 ஆயிரம் கட்டி இறங்கினார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒரு மிஷினில் 16 பெயர்தான் அடங்கும். ஒவ்வொரு பூத்திலும் 12 மிஷின்களை வரிசையாக வைத்தார்கள்! அப்போது எம்.பி.யாக இருந்த கவிதா, முதல்வரின் மகள், தோற்றுப் போனார். 2025-ல் தேசிய மஞ்சள் வாரியம் அதே நிஜாமாபாத்தில் திறக்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பத்மராஜன் விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்டது வாரியமும் இல்லை, விலையும் இல்லை. பெயர் சீட்டில் வந்தால் போதும் என்றார். இந்தியாவிலேயே அதிகம் தோற்ற வேட்பாளர் என்று லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. மீன், மோதிரம், தொப்பி, டெலிபோன் என்று எத்தனையோ சின்னம் மாறின. 2024-ல் தர்மபுரியில் 25 ஆயிரம் கட்டி நின்றார். அந்தத் தடவை கிடைத்த சின்னம் டயர்!