அண்ணனுக்கு மனச்சிதைவு நோய்... தம்பிக்கும் வருமா?

மதுரைப் பக்கம் வரன் பேசும்போது மெதுவாகக் காதைக் கடிக்கிற கேள்வி இது. உடன்பிறந்தவர்களில் சுமார் 10-ல் ஒருவருக்குத்தான் வருகிறது. மற்ற 9 பேர்?

2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளின் நலமான உடன்பிறந்தவர்களுக்கு நினைவாற்றல் சோதனை வைத்தார்கள். ஓ.டி.பி.யை டைப் பண்ணும்வரை மனசில் பிடித்து வைக்கிறோமே, அந்த வகை நினைவு. மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் ஸ்கேனில், நெற்றிப் பக்க மூளை கூடுதலாக உழைத்தது தெரிந்தது. அதே தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம் பெட்ரோல் குடிக்கிற பைக் மாதிரி!

இது பரம்பரையின் சாயல், நோய் அல்ல. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஸ்கேன் இன்னும் கிடையாது, காசைக் கரைக்காதீங்க. காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என ஏதாவது தெரிந்தால், அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416-ல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.