மேசைக்கு முன்னால் மூன்று படி

2021 ஆகஸ்ட் 28, டோக்கியோ பாராலிம்பிக்ஸ். பெண்கள் டேபிள் டென்னிஸ் நான்காம் பிரிவு அரையிறுதி. எதிரே சீனாவின் சாங் மியாவ், ரியோவில் வெள்ளி வென்றவர். இந்தப் பக்கம் குஜராத்தின் மெஹ்சாணா மாவட்டம் சுந்தியா கிராமத்தைச் சேர்ந்த பவினா படேல். அதுவரை இருவரும் மோதியபோதெல்லாம் ஜெயித்தது சாங் மியாவ்தான். அன்றும் முதல் கேம் 7-11 என்று கைவிட்டுப் போனது. அடுத்த இரண்டும் 11-7, 11-4 என்று பவினாவுக்கு வந்தன. நான்காவது 9-11. ஐந்தாவதை 11-8 என்று முடித்து இறுதிக்குப் போனார் பவினா.

மறுநாள் தேசிய விளையாட்டு தினம். இறுதியில் இன்னொரு சீன வீராங்கனை சோ யிங்கிடம் 7-11, 5-11, 6-11 என்று தோற்று வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். நின்று ஆடுகிற வீரர்கள் எட்டாத இடத்தை உட்கார்ந்து ஆடிய ஒருவர் எட்டினார். அந்த வாரத்தின் முதல் ஆட்டத்திலேயே இதே சோ யிங்கிடம் நேர் கேம்களில் தோற்றிருந்தவர், இடையில் ரியோவின் தங்கப் பதக்கக்காரரான செர்பியாவின் போரிஸ்லாவா பெரிச் ரான்கோவிச்சை 11-5, 11-6, 11-7 என்று அனுப்பிவைத்துவிட்டுத்தான் அரையிறுதிக்கு வந்திருந்தார்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு சக்கர நாற்காலி ஆட்டம் கொஞ்சம் நிதானமாகத் தெரியலாம். அருகே போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மேசை அதே மேசைதான்: நீளம் 2.74 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர், வலை 15.25 சென்டிமீட்டர். பந்தும் அதே 2.7 கிராம். ஆனால் காலை எடுத்து வைத்து ஒதுங்கவோ குனிந்து முன்னே பாயவோ முடியாது. எட்ட முடிந்த இடமெல்லாம் கை நீளமும் இடுப்பின் பலமும் எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் வலைக்கு அந்தப் பக்கம் சற்றே தட்டிவிடுகிற குட்டைப் பந்து இந்த ஆட்டத்தில் பெரிய ஆயுதம். அடுத்த பந்தை மேசை விளிம்பில் ஆழமாக இறக்கினால் எதிராளி முன்னும் பின்னுமாக அல்லாட வேண்டும்.

சர்வீஸில் மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் சர்வீஸ் பந்து எதிராளியின் பக்கம் குத்திப் பக்கவாட்டு விளிம்பு வழியாக வெளியேறினால் அது 'லெட்'. மறுபடி போட வேண்டும். வலையை நோக்கித் திரும்பி வந்தாலும் அப்படித்தான். மேசைக் கால்கள் பின் விளிம்பிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி, ஆடுபவரின் முழங்காலும் நாற்காலியும் உள்ளே நுழைய வேண்டுமே. உட்கார்ந்து ஆடுவோருக்கு ஒன்று முதல் ஐந்து வரை பிரிவுகள். முதல் இரண்டில் ஆடும் கையிலேயே பலம் குறைவு, சிலர் பேட்டைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பவினாவின் நான்காம் பிரிவில் உட்காரும் சமநிலை இருக்கும், இடுப்பில் பிடிமானம் இருக்காது.

இந்த ஆட்டக்காரர் எங்கிருந்து வந்தார் என்பதில்தான் திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது.

1986இல் பிறந்த பவினாவுக்கு ஒரு வயதில் போலியோ. அப்பாவுக்கு ஊரில் சின்னக் கடை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் 2000-களின் நடுவில் அகமதாபாத்தின் பிளைண்ட் பீப்பிள்ஸ் அசோசியேஷனில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். பெயரில் பார்வையற்றோர் இருந்தாலும் பல வகை மாற்றுத்திறனாளிகளும் படிக்கிற வளாகம் அது. அங்கே சிலர் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு நல்லது என்று ஆட ஆரம்பித்தவரைப் பயிற்சியாளர் லலன் தோஷி போட்டிக்காரராக்கினார். 2011இல் தாய்லாந்தில் வெள்ளி, 2013இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் வெள்ளி. 2016 ரியோவுக்குத் தகுதி பெற்றும் போக முடியாமல் போனது. ஐந்து வருடம் கழித்து டோக்கியோ. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் தங்கம். 2024 பாரிஸில் காலிறுதியில் மறுபடியும் சோ யிங் வழி மறித்தார்.

இந்தப் பயணத்தில் விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்றெல்லாம் எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. எல்லாரும் எழுதியும் விட்டார்கள். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. அவர் படிக்கப் போன இடத்திலேயே மேசை இருந்தது. அந்த மேசை வரை சக்கரம் உருண்டு போனது. கொரோனா காலத்தில் வெளியே போக முடியாதபோது மேசை வீட்டுக்கே வந்தது. பந்து வீசும் ரோபோவும் ஆட்டத்துக்கென்று செய்யப்பட்ட சக்கர நாற்காலியும் மத்திய அரசின் விளையாட்டு உதவித் திட்டத்தில் கிடைத்தன. திறமை சுந்தியாவில் பிறந்தது. அது ஆட்டமாக மாறியது, சக்கரத்தோடு நெருங்கக்கூடிய ஒரு மேசை கண்ணில் பட்ட பிறகுதான்.

அதே பெண் வத்தலக்குண்டில் பிறந்திருந்தால்?

கொடைக்கானல் போகிற வண்டியெல்லாம் நின்று போகிற ஊர். தென்னந்தோப்பும் வாழையும் சுற்றிலும். பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ரயில் கிடையாது. கொடை ரோடு ஸ்டேஷனுக்குப் போவதென்றாலும் சாலை வழிதான். திண்டுக்கல் மாவட்ட மைதானத்துக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் தமிழ்நாட்டில் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் டிக்கெட் இல்லாத பஸ்ஸிலும் படி இருக்கிறது. முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரம். பெண்ணை ஒருவர் தூக்க வேண்டும், நாற்காலியை இன்னொருவர் மடக்கி ஏற்ற வேண்டும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் எந்தக் கண்டக்டர்தான் எவ்வளவு நேரம் விசில் அடிக்காமல் நிற்பார்?

பஸ் வேண்டாம் என்றால் அரசு தருகிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது. ஊருக்குள் போய்வர அருமையான வண்டி. பெட்டிக் கடை வைத்திருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் பலருக்குக் கை கால் அதுதான். ஆனால் அதில் சக்கர நாற்காலியை எடுத்துப் போக இடமில்லை. மைதானத்து வாசல் வரை வந்துவிடலாம். வாசலிலிருந்து உள்ளே இருக்கிற மேசைக்கு? ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு கணக்கு உண்டு, வெளியே யாரும் பேசாத கணக்கு. சக்கர நாற்காலியில் வெளியூர் கிளம்பும் பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். போகிற இடத்தில் கழிப்பறைக் கதவு நாற்காலியின் அகலத்துக்குத் திறக்குமா, உள்ளே திரும்ப இடமிருக்குமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்குமா என்று தெரியாது. தெரியாத இடத்தில் பாதுகாப்பு தாகத்தோடு இருப்பதுதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இது விளையாட்டல்ல. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, அதோடு சிறுநீரகத்துக்கு ஆபத்து. சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளியில் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டிய ஒருவர் வாய் நனைக்காமல் வந்து உட்கார்ந்தால் எந்தப் பயிற்சியாளர் என்ன சொல்லிக் கொடுத்து என்ன பயன்? ஒரு வீராங்கனையின் எதிர்காலம் கழிப்பறைக் கதவின் அகலத்தில் நிற்கிறது என்பதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும்.

பயணம் மறுக்கப்படுவது என்றால் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். வெளியே வந்ததும் அந்த நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார் அவர். அன்று உத்தரவு போட்டுத் தடுத்தார்கள். இன்று அப்படி ஓர் உத்தரவை யாரும் போடுவதில்லை. சிமென்ட் படி ஒன்று போதுமானதாக இருக்கிறது.

தமிழ்நாட்டின் பாரா வீரர்கள் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பாரிஸில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மாரியப்பன் தங்கவேலு மூவருக்கும் வெண்கலம். மாநில அரசு வெள்ளிக்கு 2 கோடி ரூபாய், வெண்கலத்துக்குத் தலா 1 கோடி கொடுத்துக் கொண்டாடியது. நான்கு பேரும் தமிழ்நாட்டின் பெருமை, அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. நான்கு பேரும் பயிற்சிக் கூடத்துக்குத் தங்கள் காலில் படியேறிப் போனவர்கள் என்பதும் உண்மை. துளசிமதிக்கும் மனீஷாவுக்கும் கையில்தான் குறைபாடு. நித்யஸ்ரீ உயரம் குறைந்தவர். மாரியப்பன் ஒரு கால் பாதிக்கப்பட்டும் நடந்தும் ஓடியும் தாண்டுகிறவர். சக்கர நாற்காலியில் உருண்டு வந்தவர் அந்த நால்வரில் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களிடம் திறமை இல்லாமலா போய்விட்டது? எங்கே படி இருக்கிறதோ அங்கேயே அவர்கள் வடிகட்டப்படுகிறார்கள். பதக்கக் கணக்கில் அது தெரிவதில்லை, ஏனென்றால் வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை.

டேபிள் டென்னிஸ் தெரியாத மாநிலமும் இல்லை இது. பத்து முறை தேசிய சாம்பியனான சரத் கமல் சென்னைக்காரர். அவருக்கு முன் வி. சந்திரசேகர். மூன்று முறை தேசிய சாம்பியனாக இருந்தவர், 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போய் பேச்சும் பார்வையும் நடையும் சிதைந்து எழுந்தார். நீதிமன்றத்தில் போராடினார், மெல்ல மீண்டார், பயிற்சியாளராக மேசைப் பக்கம் திரும்பி வந்து அடுத்த தலைமுறையை உருவாக்கினார். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. உடல் தளர்ந்த ஒருவரால் இந்த ஆட்டத்துக்கு என்னவெல்லாம் கொடுக்க முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது.

முதலில் வேலை, உதவித்தொகை, மருத்துவம், அப்புறம்தானே விளையாட்டு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சக்கர நாற்காலி விளையாட்டு தொடங்கியதே மருத்துவமாகத்தான். 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்திருந்த முன்னாள் படைவீரர்களை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதிலிருந்துதான் பாராலிம்பிக்ஸ் வளர்ந்தது. 1960 ரோம் போட்டியிலேயே டேபிள் டென்னிஸ் இடம்பெற்றுவிட்டது. 1972இல் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக்ஸ் தங்கம் வாங்கித் தந்த முரளிகாந்த் பேட்கர், 1968 டெல் அவீவ் போட்டியில் ஆடியது டேபிள் டென்னிஸ்தான். 1965 போரில் குண்டடி பட்ட வீரர் அவர். கை வலுப்பட, தோள் வலுப்பட, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பழக இந்த ஆட்டம் உதவுகிறது என்பது அன்றே தெரிந்த விஷயம்.

இனி இந்தத் தேவை குறையும் என்றும் நினைத்துவிடக் கூடாது. போலியோ ஒழிந்தது உண்மை, இந்தியாவில் கடைசியாக அது கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். பவினாவின் தலைமுறையோடு போலியோவால் சக்கர நாற்காலிக்கு வருபவர்கள் குறைவார்கள். ஆனால் மலை ஏறும் சாலையில் டூவீலரில் விழுபவர்களும் தென்னை மரத்திலிருந்து தவறி விழுபவர்களும் இந்தச் சமவெளியில் இருக்கத்தான் செய்கிறார்கள். இருபது வயதில், முப்பது வயதில், நேற்றுவரை ஓடியாடி வேலை பார்த்தவர்கள். வீட்டுத் திண்ணையில் முடங்கும் அவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு மேசை தேவைப்படுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் விளையாட்டுக்கென்றே 30ஆம் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022லேயே முடிந்துவிட்டது.

கேட்பது தங்கத்தில் செய்த மேசையல்ல. அரசுப் பள்ளி ஒன்றில், தரைத்தளத்து அறை ஒன்றில், கால்கள் உள்ளே தள்ளி அமைந்த ஒரே ஒரு மேசை. நின்று ஆடுகிற பிள்ளைகளும் அதே மேசையில் ஆடலாம், தனியாக எதுவும் வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தின் பெரிய வசதியே அதுதான்: சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு எதிரே அவள் வகுப்புத் தோழி நின்று ஆடலாம். 90 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறக்கும் கதவு வேண்டும். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பள்ளி வராந்தாவின் மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி நீளச் சாய்தளம், இரு பக்கமும் கைப்பிடி. உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை. கூடவே, உள்ளே திரும்ப இடமுள்ள, கம்பி பொருத்திய ஒரு கழிப்பறை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இந்த நான்கும் தயாராகிவிட்டால், வத்தலக்குண்டுப் பெண் திண்டுக்கல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் முதல் சர்வீஸைப் போடலாம்.