கடல் கடந்தால் நம் ரூபா

பொருள் தேடிக் கடல் கடத்தல் தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நம்மவர் கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. இன்று தொழிலுக்காகக் கட்டார், குவைத், சவூதி என்றும், கல்விக்காக இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா என்றும் பயணம் தொடர்கிறது. விசாவைப் பற்றியும் விமானச் சீட்டைப் பற்றியும் மாதக்கணக்காக ஆராயும் நாம், ஒன்றை மட்டும் கடைசி நாள் வரை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கையிலுள்ள ரூபா அங்கே என்ன பெறும் என்பதே அது.

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியிலுள்ள கரடியனாற்றை நேயர்கள் அறிவர். வயலும் மாடும் அங்குள்ளோரின் செல்வம். அத்தகைய ஊரில் ஒரு மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், பெரும்போகத்து நெல் விற்ற காசு, பட்டியிலிருந்து பிரிந்த இரண்டொரு மாடு, தாயின் அடகு வைத்த காப்பு, தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிக் கடன் ஆகிய யாவும் ஒன்று சேரவேண்டும். அவ்வாறு திரட்டிய ரூபாவில் மாற்றும் இடத்தில் நூற்றுக்கு ஐந்து குறையுமானால், குறைவது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

புறப்படும் நாளில், “கையில் கொஞ்சம் காசு இருக்கட்டும், மனே” என்று சொல்லி ஒரு தாய் மகனின் சட்டைப்பையில் ரூபா நோட்டுகளை வைப்பதாகக் கொள்வோம். அன்பு மிகுந்த செயல்தான். ஆயினும், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ அந்த நோட்டை நீட்டினால் நாணயமாற்றுக் கடைக்காரர் பெரும்பாலும் தலையை அசைத்துவிடுவார். வாங்க ஒருவர் முன்வந்தாலும் மிகக் குறைந்த விலையே தருவார்.

காரணம் எளியது. நாணயமாற்றுக் கடையும் ஒரு கடையே. விற்க முடிந்த சரக்கைத்தான் கடைக்காரர் வாங்குவார். டொலரையும் பவுணையும் வாங்க எந்நாளும் ஆள் உண்டு. இலங்கை ரூபாவை இலண்டனில் தேடுவோர் சிலரே. இலங்கைக்கு வரும் பிரயாணி கூட இங்கு வந்திறங்கிய பின்னரே மாற்றிக்கொள்கிறார். மேலும், நம் நோட்டை அளவின்றி வெளியே எடுத்துச் செல்லச் சட்டம் இடங்கொடாது. சுங்க விதி நெடுங்காலமாக ஒருவருக்கு 20,000 ரூபா என்றே எல்லை வகுத்திருந்தது. ஆதலின், பயணச் செலவுக்கு வேண்டியதைக் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு ஆகியவற்றைக் காட்டி, ஊரிலுள்ள வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ முன்னதாகவே மாற்றிப் பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்ளுதல் நன்று. திரும்பி வரும் நாளில் வீடு வந்து சேர்வதற்கான சிறு தொகையை மட்டும் ரூபாவாக வைத்திருந்தாற் போதும்.

வங்கிப் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு விலைகள் இருத்தலைக் காணலாம். ஒன்று வங்கி வாங்கும் விலை. மற்றது விற்கும் விலை. எடுத்துக்காட்டாக, டொலரை 296 ரூபாவுக்கு வாங்கி 304 ரூபாவுக்கு விற்கிறார்கள் என்க. 1,000 டொலர் பெற நாம் 3,04,000 ரூபா கொடுக்க வேண்டும். பயணம் தடைப்பட்டு அதே நாளில் அதைத் திருப்பிக் கொடுத்தால் 2,96,000 ரூபாவே கிடைக்கும். ஒரு பொருளும் வாங்காமல் 8,000 ரூபா கரைந்துவிட்டது! எனவே, ஒரே பணத்தைப் பலமுறை மாற்றுதல் கூடாது. கையில் வாங்கும் நோட்டின் விலையும் வங்கி வழியாக அனுப்பும் பணத்தின் விலையும் வேறு வேறு என்பதையும், வங்கி அனுப்புகையில் விலை பெரும்பாலும் சாதகமாக இருக்கும் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க. கல்லூரிக் கட்டணத்தை நோட்டாகச் சுமந்து செல்லத் தேவை இல்லை.

நாணயத்தின் வலிமை அரசையும் காலத்தையும் சார்ந்தது என்பதை நம்மவர் பட்டே அறிந்தனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட மலாயாவில் வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் வழங்கின. ஜப்பானியர் தோற்றதும் அவை வெறுங்கடதாசியாயின. பெட்டி நிறையச் சேர்த்தவரும் ஒரு சதம் பெறவில்லை. பர்மாவில் 1964 மே 17ஆம் நாள் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. கடைகளும் அரசுடைமையான அக்காலத்தில், தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையராய்ச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

நம் ரூபாவின் கதையும் ஏற்றத் தாழ்வுடையதே. 1949இல் ஒரு டொலருக்கு 4 ரூபா 76 சதம் என்றானது. இந்திய ரூபாவும் அப்போது அதே மதிப்புடையதாக இருந்தது. 1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோது, உத்தியோக விலைப்படி இலங்கையின் 100 ரூபா இந்தியாவின் 157 ரூபாவுக்கு ஈடாயிற்று. இன்றைய மாணவர் இதைக் கேட்டால் வியப்பர்! 1967 நவம்பரில் நாமும் மதிப்பைக் குறைத்தோம். டொலர் 5 ரூபா 95 சதமாயிற்று. 1977 நவம்பரில் அது ஏறத்தாழ 16 ரூபாவுக்குச் சென்றது. 2024 முடிவில் டொலர் ஒன்று 290 ரூபாவைக் கடந்து நின்றது. ஓர் இந்திய ரூபாவைப் பெற நம் மூன்று ரூபாவுக்கு மேல் வேண்டியிருந்தது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்த டொலர், மே மாத நடுவில் 360 ரூபாவைக் கடந்தது. பிள்ளையின் கல்விக்கு 10,000 டொலர் அனுப்ப வேண்டிய பெற்றோருக்கு 20 இலட்சமாக இருந்த செலவு, இரண்டரை மாதத்துக்குள் 36 இலட்சமாயிற்று. அதே வேளை, ரூபாவிற் கடன்பட்டுச் சவூதியில் உழைத்துக்கொண்டிருந்தவரின் சுமை குறைந்தது. ஒரே வீதியில் ஒரு வீட்டுக்கு இடி, அடுத்த வீட்டுக்கு மழை.

அந்த வீழ்ச்சிக்கு முன் டொலரின் விலையை 200 ரூபாவை ஒட்டிச் செயற்கையாகக் கட்டி வைத்திருந்தனர். வெளியே கூடிய விலை கிடைத்ததால் பலர் உண்டியல் வழியாகப் பணம் அனுப்பினர். 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த வங்கிவழி வரவு, 2022இல் 380 கோடி டொலர் அளவுக்குச் சுருங்கிற்று. டொலர் இன்மையால் எரிபொருளும் மருந்தும் அரியவாயின. வீட்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாக வந்தது உண்மை. ஆனால் அதே வீட்டார் எரிபொருள் வரிசையில் நின்றதும் உண்மை. உண்டியற் பணம் வழியில் மறைந்தால் முறையிடவும் இடமில்லை.

இனி, மிக முக்கியமான கணக்குக்கு வருவோம். “மாதம் 1,500 ரியால் சம்பளம்” என்று கேட்டவுடன் நாம் 80ஆற் பெருக்கி, “1,20,000 ரூபா!” என்று மகிழ்கிறோம். பல வீடுகளில் காணி விற்பதும் கடன் வாங்குவதும் இந்தப் பெருக்கலை நம்பியே. உணவுக்கும் தொலைபேசிக்கும் 500 ரியால் போனால் மிஞ்சுவது 80,000 ரூபா. பயணத்துக்காக வாங்கிய 10 இலட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால், முதல் மாத வட்டி மட்டும் 30,000 ரூபா. வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாமல் மிச்சம் முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் பதினாறு மாதங்கள் கழியும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு எஞ்சுவது எட்டு மாதமே!

மாணவர் செய்யும் பெருக்கல் வேறு வகையானது. எட்டுப் பவுண் சாப்பாட்டை 400ஆற் பெருக்கி, “3,200 ரூபாவா!” என்று மலைத்துப் பட்டினி கிடப்போரும் உண்டு. அங்கே உழைப்பதும் உண்பதும் அந்நாட்டுக் காசிலே நடப்பவை. அவற்றை அந்நாட்டு வாடகையோடும் அரிசி விலையோடும் ஒப்பிட்டே அளத்தல் வேண்டும். சம்பளத்தையும் சாப்பாட்டையும் ரூபாவாக்கிப் பார்ப்பதில் பயனில்லை. செலவு போக எஞ்சும் மிச்சத்தையே ரூபாவாக்கிப் பார்க்கவேண்டும்.

ஆகவே, காப்பை அடகு வைக்குமுன் பெற்றோரும் பிள்ளையும் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, ஒரு கொப்பியில் மூன்று கணக்குகளை எழுதுவார்களாக. ரூபாவிற் பட்ட கடன் எவ்வளவு? அந்நிய நாணயத்தில் ஆகும் செலவு எவ்வளவு? மாதந்தோறும் எஞ்சுவது எவ்வளவு? டொலர் விலை பத்து ரூபா ஏறினாலும் இறங்கினாலும் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திற் குறித்துக்கொள்வார்களாக. அக்கணக்கு நேராக நின்றால் துணிந்து அனுப்பலாம். நேராக நில்லாவிடின், காப்பு இன்னும் தாயின் கையிலேயே இருக்கிறது. அடுத்த பெரும்போகம் வரை பொறுத்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை.