எழுத்துப்பெயர்ப்பும் புலம்பெயர்ந்த வாசகரும்

1983ஆம் ஆண்டின் இனவன்முறைக்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறிய நகரங்களுள் டொராண்டோ குறிப்பிடத்தக்கது. அந்நகரப் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் உள்ளன. அவற்றைப் பட்டியலில் கண்டறிவதே இடர்ப்பாடு. வட அமெரிக்க நூலகங்களில் வழங்கும் காங்கிரஸ் நூலக முறைப்படி தகரம் 'டி' என்னும் ஒற்றை ரோமன் எழுத்தாலும், ழகரம் அடிக்கோடு பெற்ற 'எல்' எழுத்தாலும் குறிக்கப்பெறும். வாசகரோ தகரத்திற்கு 'டி, எச்' என ஈரெழுத்து இடுவார். ழகரத்தை ஈழத்தவர் பெரும்பாலும் வெறும் 'எல்' எனவும், தமிழகத்தார் பலர் 'இசட், எச்' எனவும் எழுதுவர். தமிழெழுத்தில் பதிவு இல்லாதவிடத்து, இவ்வேறுபாட்டைப் பிழையெனக் கொள்ளும் நூலகர் இருக்கும் நூலையே இல்லையென்பார். வழக்கெனக் கொள்பவர் மாற்றெழுத்திலும் தேடுவார். கடவுச்சீட்டில் தம் பெயரின் ஞகரம் 'ஜி, என்' என்றே பதியப்பெற்றவர், நூலாசிரியர் பெயரையும் அவ்வாறுதானே எழுதிக் கேட்பார்?