உஷார்! பேப்பர் போடுவதற்கு முன்

மகப்பேறு விடுப்பு முடிந்து ஐ.டி. வேலைக்குத் திரும்பப் போகிற தோழிகளே, திரும்பிய முதல் மூன்று மாதத்துக்குள் தயவுசெய்து பேப்பர் போட்டுவிடாதீர்கள், ராஜினாமா செய்துவிடாதீர்கள். எவ்வளவு அழுகை வந்தாலும், எத்தனை பேர் அனுசரணையாகப் பேசினாலும் போடாதீர்கள். அப்படிப் போட்டுவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் போனதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இதை இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்தில் எங்கள் டீமில் அவரோடு சேர்த்துப் பதினான்கு பேர். ரிலீஸ் இரவுகளில் ப்ரொடக்‌ஷனில் எது உடைந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். பேமென்ட் மாட்யூலை அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. ஒன்பதாம் மாத வயிற்றோடு உட்கார்ந்து, மூன்று பேருக்குத் தன் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் விடுப்பில் போனார்.

26 வாரம் கழித்து வந்தார். ஐ.டி. கார்டைக் கதவில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. நீண்ட விடுப்பு என்பதால் ஆக்சஸை எடுத்துவிட்டார்கள், திரும்பக் கொடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. ஏழு வருடம் வேலை பார்த்த இடத்துக்குள், செக்யூரிட்டி நோட்டில் விசிட்டர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். டீம் மெயில் குரூப்பில் அவர் பெயர் இல்லை. சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மதியம் தாய்ப்பால் எடுத்து வைக்க இடம் கேட்டபோது சிக் ரூமைக் காட்டினோம். பழைய மானிட்டர்களை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தோம். அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலி கிடந்தது.

இதில் எதையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அடுத்து நடந்தது அப்படியல்ல.

ரேட்டிங் கூட்டம். திரையில் எக்செல் ஷீட், எட்டுப் பேர், எல்லோரும் ஆண்கள். அவர் பெயருக்கு நேராக நான் போட்டிருந்த மேல் ரேட்டிங்கைப் பார்த்து ஒருவர் மென்மையாகச் சொன்னார்: "பாவம், ஆறு மாசம் இல்லையே. இதை வேற ஒருத்தருக்குக் குடுத்தா யூஸ் ஆகும். அவங்களுக்கு இப்போ குழந்தைதானே முக்கியம்." இன்னொருவர் சேர்ந்துகொண்டார்: "லைட்டான ப்ராஜெக்டா பார்த்துப் போடுவோம், ஸ்ட்ரெஸ் வேண்டாம்." கர்சர் ஒரு கட்டம் கீழே இறங்கியது. மிஞ்சிப்போனால் பத்து விநாடி. விடுப்புக்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர் முடித்த வேலையின் பட்டியல் என் லேப்டாப்பில் திறந்தே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் பேப்பர் போட்டார். மெயிலில் 'பர்சனல் ரீசன்ஸ்' என்று எழுதியிருந்தார். எச்.ஆர். பதிவேட்டில் இன்றைக்கும் அது சொந்தக் காரணம்தான். அந்தப் பத்து விநாடி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆகவே உஷார். இந்த ஆபத்து அதட்டிக்கொண்டு வராது. "உங்க நல்லதுக்குத்தான்" என்று அக்கறையான குரலில் வரும். நல்ல ப்ராஜெக்ட் கைவிட்டுப் போகும், ஆன்சைட் வாய்ப்பு "கைக்குழந்தையோட எப்படிப் போவாங்க?" என்ற கேள்வியிலேயே முடிந்துவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலும் இதே குரல்தான்: "என் சம்பளம் போதும், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு, அப்புறம் பார்த்துக்கலாம்." அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமாகி, கற்ற ஃப்ரேம்வொர்க் பழசாகி, இன்டர்வியூவில் இடைவெளிக்கு விளக்கம் சொல்லித் தலைகுனிந்த பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தோழிகளே, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு சம்பளத்துடன் கூடிய 26 வார விடுப்பு என்றானது. அந்த விடுப்பில் இருப்பவரை அதற்காக வேலையை விட்டு நீக்கவோ, பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவோ கூடாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இவை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன. யாரும் தரும் சலுகை அல்ல இது. ரேட்டிங்கைக் குறைத்தால் காரணத்தை மெயிலில் கேளுங்கள். காபி மெஷின் பக்கத்தில் நின்று சமாதானம் சொன்னால், அன்று மாலையே "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பலர் பின்வாங்குவார்கள்.

ஆனால் இதை அந்தப் பெண் மட்டுமே போராடிச் சரிசெய்ய வேண்டும் என்பது அநியாயம். அந்த அறைக்குள் அவர் இல்லை. நான் இருந்தேன். ஆண்களே, நம்மில் பலர் தினமும் அப்படிப்பட்ட அறைகளில் இருக்கிறோம்.

நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிப்பை முடித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானவர் அ. லலிதா. 18 வயதில் கணவரை இழந்தபோது கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலையைத்தான் காட்டுவார்கள். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா பப்பு சுப்பாராவ், முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கினார். ஆண்களை மட்டுமே மனதில் வைத்து அச்சடித்த சான்றிதழில், ஆணைக் குறித்த சொல்லை அடித்துப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்பா செய்தது பேசியதுதான், அதுவும் பேச வேண்டிய இடத்தில்.

இப்போது அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அமேசான் உருவாக்கிய ஒரு மென்பொருள் பற்றி 2018இல் செய்தி வந்தது. பத்து வருடமாக வந்த ரெஸ்யூமேக்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் என்ற சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. சரிசெய்யப் பார்த்து, கடைசியில் கைவிட்டார்கள். இன்று பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் பார்ப்பது மெஷின்தான். ரேட்டிங் ஷீட்டில் நாம் ஒரு கட்டம் கீழே இறக்கினால், நாளைக்கு அந்த ஷீட்டே அதற்குப் பாடமாகலாம்.

அடுத்த கூட்டத்தில் யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால், "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேளுங்கள். அவர் செய்த வேலையின் பட்டியலைத் திரையில் போடுங்கள். உங்கள் டீமில் இப்போது விடுப்பில் இருப்பவர் திரும்பும் தேதியை இன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாள் அவருடைய கார்டு ஆக்சஸ், மெயில், சீட், அவருடைய ப்ராஜெக்ட் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.